சேலம் வழியாகத் தமிழுக்கு வந்த ரோமியோ

காதலைப் பற்றி ஒரு வரி வேண்டுமா? ஷேக்ஸ்பியர். மரணத்தைப் பற்றி ஒரு வரி வேண்டுமா? அதற்கும் ஷேக்ஸ்பியர்! பேச்சுப் போட்டி, ஆட்டோகிராப் நோட்டு, கல்யாண வாழ்த்து மடல், கண்ணீர் அஞ்சலி என்று எல்லா இடத்திலும் அவர் பெயர் இருக்கும். "என்று ஷேக்ஸ்பியர் கூறினார்" என்று முடித்துவிட்டால் அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்பதில்லை.

ஆனால் ஒரு விஷயத்தை நாம் மறந்துவிடுகிறோம் நண்பர்களே. ஷேக்ஸ்பியர் பொன்மொழிகள் எழுதவில்லை. அவர் எழுதியது நாடகங்கள். அவற்றில் வரும் ஒவ்வொரு வரியையும் யாரோ ஒரு பாத்திரம், ஏதோ ஒரு நெருக்கடியில், யாரிடமோ சொல்கிறது. சொன்னவர் யார், எப்போது சொன்னார் என்பதைக் கழற்றிவிட்டு வரியை மட்டும் எடுத்துக்கொண்டால் பல சமயம் அர்த்தமே தலைகீழாகிவிடும்.

இந்தக் கட்டுரையில் அப்படிச் சில வரிகளைப் பார்ப்போம். கூடவே, அவரது காதல் நாடகம் ஒன்று நம்ம சேலம் வழியாகத் தமிழ் சினிமாவுக்குள் நுழைந்த வரலாற்றையும் பார்ப்போம். இரண்டுக்கும் தொடர்பு உண்டு.

சொன்னது யார்?

முதலில் ஒதெல்லோ. வெனிஸ் நாட்டின் படைத்தலைவன். இயாகோ என்பவன் சொன்ன பொய்யையும், காணாமல் போன ஒரு கைக்குட்டையையும் நம்பி, குற்றமற்ற மனைவி டெஸ்டிமோனாவை மூச்சை அடக்கிக் கொன்றுவிடுகிறான். உண்மை தெரிந்த பிறகு, சாவதற்கு முன் பேசுகிறான். அன்பில் தான் குறை வைக்கவில்லை, அறிவில்தான் குறை வைத்தேன் என்று தன்னைப் பற்றி உலகத்துக்கு எழுதுங்கள் என்ற பொருளில் கேட்டுக்கொள்கிறான். இந்த வரி காதல் பொன்மொழித் தொகுப்புகளில் தவறாமல் இடம்பெறுகிறது. படிக்க உருக்கமாகத்தான் இருக்கும். ஆனால் இதைச் சொல்பவன் பக்கத்தில் அவன் கையால் இறந்த மனைவியின் உடல் கிடக்கிறது! "அன்பு அதிகமானதால் செய்துவிட்டேன்" என்பது கொலை செய்தவன் தனக்காகச் சொல்லிக்கொள்ளும் சமாதானம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அடுத்து ஜூலியஸ் சீசர். கோழை பலமுறை சாகிறான், வீரனுக்கு ஒரே சாவுதான் என்ற கருத்து அவர் வாயில் வருவது. எப்போது சொல்கிறார்? கெட்ட கனவு கண்ட மனைவி கல்பூர்னியா "இன்று வெளியே போகாதீர்கள்" என்று கெஞ்சும்போது. அந்தப் பேச்சைக் கேட்காமல் போய், அன்றைக்கே குத்துப்பட்டுச் சாகிறார். வீரவசனம் என்று நாம் ஒப்பிப்பது, நல்ல எச்சரிக்கையைத் தள்ளிவிட்ட ஒரு மனிதரின் பேச்சு.

ஹாம்லெட் இன்னும் வேடிக்கை. போனவர் யாரும் திரும்பி வராத தேசம்தான் மரணம் என்ற கருத்தில் ஒரு புகழ்பெற்ற தனிமொழி பேசுகிறான். ஆனால் நாடகத்தின் முதல் அங்கத்திலேயே செத்துப்போன அப்பாவின் ஆவி வந்து அவனிடம் பேசிவிட்டுப் போயிருக்கிறது! குழம்பிப்போன ஓர் இளைஞன் தன்னையே சமாதானப்படுத்திக்கொள்ளும் பேச்சு அது.

ஷேக்ஸ்பியருக்கு மரணம் புத்தகத்தில் படித்த விஷயம் அல்ல. அவர் பிறந்த 1564ஆம் ஆண்டிலேயே அவரது ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டில் பிளேக் நோய் பரவியது. 1592 முதல் 1594 வரை பிளேக்கினால் லண்டன் நாடகக் கொட்டகைகள் பெரும்பாலும் மூடிக் கிடந்தன. 1596இல் அவருடைய ஒரே மகன் ஹாம்னெட் 11 வயதில் இறந்தான். இந்த ஆண்டுகளை ஒட்டித்தான் 'ரோமியோ ஜூலியட்' எழுதப்பட்டது. அதன் முதல் பதிப்பு 1597இல் வெளிவந்தது.

ஐந்து நாள் காதல்

கதை எல்லோருக்கும் தெரியும். வெரோனா நகரில் மாண்டேகு, காபுலெட் என்று இரண்டு பெரிய குடும்பங்கள். பரம்பரைப் பகை. பகைக்குக் காரணம் என்ன என்று நாடகத்தில் எந்த இடத்திலும் சொல்லப்படவில்லை! ஒரு வீட்டுப் பையனும் மறு வீட்டுப் பெண்ணும் காதலிக்கிறார்கள். ஜூலியட்டுக்கு இன்னும் 14 வயது நிறையவில்லை. சந்திப்பு, ரகசியக் கல்யாணம், நாடுகடத்தல், சாவு எல்லாம் சேர்த்து ஏறக்குறைய ஐந்தே நாள்.

இந்த நாடகத்தின் காதல் வரிகளில் பிரபலமானது பெயரைப் பற்றி ஜூலியட் கேட்கும் கேள்வி. பூவை வேறு பெயரால் அழைத்தால் அதன் மணம் மாறிவிடுமா என்கிறாள். இதை நாம் பெயர் முக்கியமில்லை என்கிற தத்துவமாக எடுத்துக்கொள்கிறோம். ஆனால் அவள் தத்துவம் பேசவில்லை. ரோமியோ என்ற பெயரில் அவளுக்கு எந்தப் பிரச்சினையும் இல்லை, மாண்டேகு என்ற குடும்பப் பெயரில்தான் பிரச்சினை. அந்தப் பெயர் தெரிந்தால் என் ஆட்கள் உன்னைக் கொன்றுவிடுவார்கள் என்று அதே காட்சியில் அவனிடம் நேராகவே சொல்கிறாள். பயத்தில் பிறந்த கேள்வி அது.

மரணத்தைப் பற்றிய வரியும் அப்படித்தான். கல்லறையில் ஜூலியட்டைப் பார்த்து, மரணம் உன் மூச்சைக் குடித்துவிட்டது, உன் அழகை இன்னும் வெல்லவில்லை என்ற பொருளில் ரோமியோ பேசுகிறான். கன்னத்தில் சிவப்பு இருக்கிறதே என்று ஆச்சரியப்படுகிறான். காரணம், அவள் சாகவே இல்லை! மயக்க மருந்து குடித்துத் தூங்குகிறாள். கண்ணெதிரே உயிரின் அடையாளம் இருக்கிறது, அதை அவன் கவிதையாக்கிவிட்டு விஷத்தைக் குடிக்கிறான். பார்ப்பவர்களுக்கு "அவசரப்படாதே!" என்று கத்தத் தோன்றும் இடம் அது.

இந்தத் தகவல் ரோமியோவுக்கு ஏன் தெரியவில்லை? கடிதம் கொண்டுபோன பாதிரியாரை, பிளேக் நோய் பட்ட வீட்டில் இருந்தவர் என்று சந்தேகித்து, அதிகாரிகள் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்கள். கொரோனா காலத்தைப் பார்த்த நமக்கு இது நன்றாகவே புரியும். கடிதம் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

டங்கனும் சேலம் சங்கர் பிலிம்சும்

இனி நம் ஊருக்கு வருவோம்.

ஷேக்ஸ்பியரைத் தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தவர்களில் பம்மல் சம்பந்த முதலியார் முக்கியமானவர். 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியவர். ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' ஆக்கினார், மாக்பெத்தை 'மகபதி' ஆக்கினார், வெனிஸ் நகர வணிகனை 'வாணீபுர வணிகன்' ஆக்கினார். பெயர்களிலேயே எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள்! ஆனால் இவை பெரும்பாலும் படித்தவர்களின் சபை நாடகங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஷேக்ஸ்பியரின் காதல் பேச்சைத் தமிழில் கேட்க சினிமா வர வேண்டியிருந்தது.

அந்தப் படம் 1937இல் வந்த 'அம்பிகாபதி'. எடுத்த கம்பெனியின் பெயர் சேலம் சங்கர் பிலிம்ஸ். படப்பிடிப்பு நடந்தது கல்கத்தாவில். கதாநாயகன் எம்.கே. தியாகராஜ பாகவதர், கதாநாயகி எம்.ஆர். சந்தானலட்சுமி, கம்பராக செருகளத்தூர் சாமா. டைரக்டர்? எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர்!

டங்கன் அமெரிக்காவில் சினிமா படித்துவிட்டு 1935இல் இந்தியா வந்தவர். எம்.ஜி.ஆரின் முதல் படமான 'சதி லீலாவதி'யை (1936) இயக்கியவரும் இவரே. தமிழ் தெரியாமலேயே தமிழ்ப் படம் எடுத்தார். அம்பிகாபதி கதையைக் கேட்டதும் அவருக்கு ரோமியோ ஜூலியட் ஞாபகம் வந்திருக்கிறது. அந்த நாடகத்தின் காதல் காட்சிகளில் குறியிட்டு வசனகர்த்தாவிடம் கொடுத்து, இதைப்போலத் தமிழில் எழுதுங்கள் என்று சொன்னார் என்று தமிழ் சினிமா வரலாற்றை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இளவரசி மேல்மாடத்தில், காதலன் கீழே என்ற காட்சி அப்படித்தான் வந்தது.

அந்த வசனகர்த்தா இளங்கோவன். இயற்பெயர் தணிகாசலம், 'மணிக்கொடி'யில் எழுதியவர். அந்தக் காலத்தில் படம் என்றால் பாட்டுதான். வசனம் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஒட்டுப் போடுகிற வேலை. இளங்கோவன் வந்த பிறகுதான் வசனத்துக்காகவும் ஜனங்கள் படம் பார்த்தார்கள். பிறகு 'கண்ணகி' (1942), 'ஹரிதாஸ்' (1944) ஆகிய படங்களுக்கும் அவர்தான் வசனம். பிற்காலத்தில் வந்த அடுக்குமொழி வசனகர்த்தாக்களுக்கெல்லாம் அவர் முன்னோடி. அந்தப் பாதையின் தொடக்கத்தில் சேலத்துக் கம்பெனி ஒன்றும், பென்சில் குறியிட்ட ஷேக்ஸ்பியர் புத்தகம் ஒன்றும் இருக்கின்றன என்பது நம் மாவட்டத்துக்காரர்கள் பலருக்கே தெரியாது.

ஒரு கடிதம், ஒரு கணக்கு

அம்பிகாபதி கதைக்குக் கல்வெட்டு ஆதாரம் கிடையாது. வாய்வழியாக வந்த கதைதான். கம்பரின் மகன் அம்பிகாபதி, சோழ இளவரசி அமராவதி. கவிஞன் மகனுக்கு அரசன் மகளா என்று ராஜாவுக்குக் கோபம். சிற்றின்பம் கலக்காமல் 100 பாட்டுப் பாடு, உயிர் பிழைக்கலாம் என்று நிபந்தனை போடுகிறார். மறைவில் இருந்து எண்ணிக்கொண்டிருந்த அமராவதி, காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணிவிட்டு, 99 முடிந்ததுமே 100 ஆகிவிட்டது என்று மகிழ்ச்சியில் முகம் காட்டுகிறாள். அவளைப் பார்த்ததும் அவன் காதலைப் பாடிவிடுகிறான். தலை போகிறது. அவளும் இறக்கிறாள்.

இரண்டு கதைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே போய்ச் சேராத ஒரு கடிதம். இங்கே ஒன்று தப்பிப்போன ஒரு கணக்கு. சின்னத் தவறு, பெரிய சாவு. "ஐயோ, அந்தக் கடிதம் மட்டும் போய்ச் சேர்ந்திருந்தால்!", "இன்னும் ஒரு பாட்டு பொறுத்திருந்தால்!" என்று நாமும் புலம்பிவிட்டு விதி என்று சொல்லி எழுந்து போகிறோம்.

ஆனால் கடிதம் ஏன் ரகசியமாகப் போக வேண்டியிருந்தது? காதலித்தவன் ஏன் பரீட்சை எழுத வேண்டியிருந்தது? தவறு செய்தால் உயிர் போகும் என்கிற ஏற்பாட்டைச் செய்தது யார்? அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஷேக்ஸ்பியர் அதை விட்டுவிடவில்லை. தொடக்கத்தில் நட்சத்திரம், விதி என்றெல்லாம் பேச்சு வந்தாலும், கடைசிக் காட்சியில் வெரோனாவின் அரசர் இரண்டு அப்பாக்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, உங்கள் பகைக்குக் கிடைத்த தண்டனையைப் பாருங்கள் என்கிறார். பகையைக் கண்டும் காணாமல் இருந்த குற்றத்துக்குத் தன்னையும் சேர்த்துக்கொள்கிறார். நாடகத்தில் மொத்தம் 6 சாவு, அதில் 3 பேர் வாளால் செத்தவர்கள். அது பகை செய்த வேலை. ஆனால் நம் பொன்மொழித் தொகுப்புகளில் ரோமியோவின் வரி இருக்கும், ஜூலியட்டின் வரி இருக்கும், அரசரின் அந்தத் தீர்ப்பைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

மாடர்ன் தியேட்டர்ஸ்

டங்கன் மறுபடியும் சேலத்துக்கு வந்தார். இந்த முறை ஏற்காடு அடிவாரத்தில் இருந்த மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவுக்கு. அதன் அதிபர் டி.ஆர். சுந்தரம், இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் திருச்செங்கோட்டுக்காரர். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தவர், ஆங்கிலேயப் பெண்ணை மணந்தவர். அவர் தொடங்கிய நிறுவனம் நூறு படங்களுக்கு மேல் எடுத்தது. ஏற்காடு சாலையில் அதன் நுழைவாயில் வளைவு இன்றும் இருக்கிறது.

அங்கே 1950இல் டங்கன் இயக்கிய 'பொன்முடி', பாரதிதாசனின் 'எதிர்பாராத முத்தம்' காவியத்தை வைத்து எடுத்தது. அதிலும் பகை கொண்ட இரண்டு குடும்பங்கள், நடுவில் காதலர்கள்! அதே ஆண்டில் டங்கனும் சுந்தரமும் சேர்ந்து இயக்கிய 'மந்திரி குமாரி', குண்டலகேசி கதையைத் தழுவியது. வசனம் மு. கருணாநிதி. அதில் கணவன் மனைவியை மலை உச்சிக்கு அழைத்துப் போகும் பாட்டு திருச்சி லோகநாதன், ஜிக்கி குரலில் இன்றும் ஒலிக்கிறது. தனியாகக் கேட்டால் இனிய காதல் பாட்டு. படத்தில் பார்த்தால், கீழே தள்ளிக் கொல்வதற்காக அவன் அழைத்துப் போகிறான். அதைத் தெரிந்துகொண்ட மனைவி, மூன்று முறை சுற்றி வந்து வணங்க அனுமதி கேட்டு, அவனையே தள்ளிவிடுகிறாள். ஒதெல்லோவின் வரிக்கு நான் சொன்னதுதான் இதற்கும். சொல் எவ்வளவு இனிமை என்று பார்த்தால் போதாது, சொல்பவன் கை என்ன செய்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

நம் சமவெளியில்

இதெல்லாம் பழைய கதை, சினிமாக் கதை என்று நினைக்கலாம். அப்படி இல்லை.

2015 ஜூன் 23. ஓமலூரைச் சேர்ந்த, பொறியியல் படித்த ஒரு தலித் இளைஞர், தன்னோடு படித்த வேறு சாதிப் பெண்ணுடன் திருச்செங்கோடு மலைக்கோயிலில் பேசிக்கொண்டிருந்தார். உடம்பில் பாதி சிவனும் பாதி சக்தியுமாக அர்த்தநாரீசுவரர் இருக்கும் அதே கோயில். அங்கிருந்து அவர் கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் அவர் உடல் கிடந்தது. தற்கொலைக் கடிதம் என்று ஒன்றும் கிடைத்தது. காதல் தோல்வி, தற்கொலை என்று கதையை முடிக்க எல்லாம் தயாராக இருந்தது.

அவருடைய தாய் அந்தக் கதையை ஏற்கவில்லை. வழக்கு ஏழு ஆண்டு நடந்தது. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் அது கொலைதான் என்று தீர்ப்பளித்து 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் முக்கியக் குற்றவாளியின் தண்டனையை உறுதி செய்தது. இதற்கு நடுவே 2018இல், சக்தி வாகினி வழக்கில், வயது வந்த இருவர் மணந்துகொள்ள முடிவு செய்தால் குடும்பமோ சாதியோ ஊரோ குறுக்கே வர உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

இப்போது ஜூலியட்டின் கேள்வியைத் திரும்பப் படியுங்கள். நம் ஊரில் ஒரு பையனிடம் "பேர் என்ன?" என்று கேட்டுவிட்டு, அடுத்ததாக எந்த ஊர், எந்தத் தெரு, யார் வீட்டுப் பையன் என்று கேட்பது எதற்காக என்று நமக்குத் தெரியாதா? பெயரில் ஒன்றும் இல்லை என்று அவள் சொல்லவில்லை. பெயரில் உயிரே இருக்கிறது என்று தெரிந்துதான் நடுங்குகிறாள்.

ஒதெல்லோவையும் நினைத்துக்கொள்ளுங்கள். பெற்ற மகளையே கொன்றுவிட்டு "பாசத்தில் செய்துவிட்டேன்", "மானம் போய்விட்டது" என்று சொல்பவர்களைச் செய்தித்தாளில் பார்க்கிறோம். அந்த வரியை ஷேக்ஸ்பியர் ஏற்கெனவே எழுதி, அதைச் சொல்பவன் பக்கத்தில் பிணத்தையும் கிடத்திக் காட்டிவிட்டார்.

ரோசலிண்ட் சொன்னது

கடைசியாக, தொகுப்புகளில் அதிகம் கண்ணில் படாத ஒருத்தி. பம்மல் முதலியார் 'விரும்பிய விதமே' என்று தமிழாக்கிய நாடகத்தின் நாயகி ரோசலிண்ட். நீ கிடைக்காவிட்டால் செத்துப்போவேன் என்று சொல்லும் காதலனைக் கேலி செய்கிறாள். மனிதர்கள் காலம் காலமாகச் செத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், புழுவும் தின்றுகொண்டுதான் இருக்கிறது, ஆனால் காதலால் ஒருவரும் சாகவில்லை என்பது அவள் கட்சி. உலகப் புகழ்பெற்ற காதலர்களின் சாவுக்கெல்லாம் வேறு வேறு காரணம் சொல்லிச் சிரிக்க வைக்கிறாள். அவளும் அவனைக் காதலிக்கிறாள் என்பதுதான் அழகு. காதலித்துக்கொண்டே, செத்துப்போகாதே என்கிறாள்.

சிரிப்புக்காகச் சொன்னதுதான். ஆனால் எனக்குத் தெரிந்து ஷேக்ஸ்பியர் காதலையும் மரணத்தையும் பற்றி எழுதியதில் மிகவும் உருப்படியானது இதுதான். ரோமியோவைக் காதல் கொல்லவில்லை, பகை கொன்றது. அம்பிகாபதியைக் காதல் கொல்லவில்லை, அரசனின் அந்தஸ்து கொன்றது. தண்டவாளத்தில் கிடந்த இளைஞரைக் கொன்றது எது என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது.

அடுத்த முறை யாராவது "காதலால் செத்தான்" என்று சொன்னால், யார் சொல்கிறார்கள், எப்போது சொல்கிறார்கள், அவர்கள் கையில் என்ன இருக்கிறது என்று ஒரு நிமிடம் பாருங்கள் நண்பர்களே.